சரி என்றவரிடம் சண்டைக்கு நின்ற கதை

மூன்று மாடி ஏறி வந்தும் மூச்சு வாங்காத மாட்சிமைக்குரிய தலைவர் அவர்களே, எங்கள் டீச்சரம்மா அவர்களே. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே மேசை மணியின்மேல் விரலை வைத்துவிட்ட விழிப்பின் வடிவமே, வணக்கம்.

வெயிலில் வெந்து கிடந்த இந்த வகுப்பறைக்கு விசிறிகள் வாங்கித் தந்த வள்ளல், வாசலிலேயே வாயெல்லாம் பல்லாக வந்து நின்ற விருந்தினர், லிஃப்ட் கம்பெனி மேலாளர் ஐயா அவர்களே, வணக்கம். வயதில் மூத்த பெரியோர்களே, வாயில் மூத்த என் தோழியர்களே, வணக்கம். வீட்டு வேலை முடித்து, வெளி வேலை முடித்து, வியர்வை உலர்வதற்குள் விழாவுக்கு ஓடிவந்து, விசிறிக்கு நேர்கீழே வீராங்கனைகளைப் போல் இடம் பிடித்துக்கொண்ட தாய்மார்களே, வணக்கம். மனைவி அப்படி என்னதான் மாடியில் படிக்கிறாள் என்று மோப்பம் பிடிக்க வந்து, கதவோரம் சாய்ந்து, போகவும் மனமில்லாமல் உட்காரவும் துணிவில்லாமல் நிற்கிற கணவன்மார்களே, உங்களுக்கும் சேர்த்தே என் வணக்கம். நமக்காகச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கடையையே அமைதியாக்கியிருக்கும் கீழ்த்தளத்து டயர் கடை அண்ணன் அவர்களே, உங்களுக்கு ஒரு தனி வணக்கம்.

பின்னால் நிற்பவர்கள் முன்னால் வரலாம். நடுவில் இடம் இருக்கிறது. கைப்பையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஆளை நிற்க வைக்காதீர்கள். மன்னிக்கவும், நான் நகரப் பேருந்தில் நடத்துநர். நாலு பேரை ஓரிடத்தில் பார்த்தால் உள்ளே தள்ளத்தான் தோன்றுகிறது.

அதோ, சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இந்த மாடிக்கு நான் முதன்முதலில் வந்தபோது மேடையில் நின்று "வணக்கம்" என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்வதற்குள் தொண்டை காய்ந்து, தண்ணீர் குடித்து, குடித்த தண்ணீர் புரையேறி, டீச்சரம்மா முதுகில் தட்டி என்னை உட்கார வைத்தார். இன்று எதுகை இல்லாமல் எனக்குத் தேநீர் இறங்குவதில்லை, மோனை இல்லாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. என்னைப் பேச வைத்தவர் டீச்சரம்மா. நிறுத்த வைப்பதற்குத்தான் இப்போது மணி வாங்கி வைத்திருக்கிறார்.

இந்த மாடி என்ன செய்கிறது என்று புதிதாக வந்தவர்கள் கேட்கலாம். சொல்கிறேன். மாலையானால் இங்கே மாணவிகள் கணக்குப் போடுகிறார்கள்; மாணவிகளின் அம்மாக்கள் எழுத்துக் கூட்டுகிறார்கள். படிப்பை நிறுத்திவிட்ட பெண்ணை மீண்டும் பள்ளி வாசலில் கொண்டுபோய் விடுகிறோம். கூலி உயர்வு கேட்க வேண்டுமா, தெருவிளக்கு எரிய வேண்டுமா, அடித்த கணவன்மேல் புகார் கொடுக்க வேண்டுமா, எந்த அலுவலகம், எந்த மேசை, எந்த அதிகாரி என்று கற்றுக்கொடுத்து, கையைப் பிடித்துக் கூடவே போகிறோம். அதாவது, படிப்பதற்கும் பேசுவதற்கும் ஓர் இடம். இதற்கு ஒரு நீளமான பெயர் பலகையில் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "எங்கே போறே?" என்றால் "மாடிக்கு" என்போம். அவ்வளவுதான்.

பெரியோர்களே, தாய்மார்களே, நான் இன்று பெண்மையின் பெருமையைப் பேச வரவில்லை. பேசினால் பொழுது விடிந்துவிடும். நான் ஒரே ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதோ, மூன்றாவது வரிசையில், நான் எப்போது நிறுத்துவேன் என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாளே, அந்தப் பெண். நகத்தைக் கடிக்காதே, கண்ணு. இவளுக்கு எங்கள் மாடியில் ஸ்பேனர் என்று பெயர். அம்மா வைத்த பெயர் அதைவிட அழகானது. ஆனால் யாருக்கும் நினைவில்லை.

ஸ்பேனர் லிஃப்ட் பழுது பார்க்கும் தொழில் படித்தவள். படித்து முடித்துவிட்டாள், தேறிவிட்டாள், அதுவும் நன்றாகத் தேறிவிட்டாள். ஆனால் இந்தத் தொழிலில் படிப்பு பாதிதான். ஏதாவது ஒரு கம்பெனியில் சேர்ந்து ஒரு மூத்த மெக்கானிக்கின் கீழே வேலை பழகினால்தான் உரிமம் கிடைக்கும். இந்த மாதம் முடிவதற்குள் அவளை யாராவது சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்துக்கொள்ளாவிட்டால் படித்த படிப்பு செல்லாது. அடுத்த மாதம் அவள் தன் சித்தப்பாவின் துணிக்கடையில் பில் போட உட்கார வேண்டும். துணிக்கடை நல்ல இடம்தான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் பறக்கத் தெரிந்தவளைப் பில் போடச் சொன்னால் அந்தப் பில்லில் கூடக் கண்ணீர்தானே சொட்டும்?

டீச்சரம்மா, இன்னும் மணி அடிக்காதீர்கள். இப்போதுதான் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு வந்திருக்கிறேன்.

ஏன் லிஃப்ட்? ஊரில் எத்தனை தொழில் இருக்கிறது, ஒரு பெண் ஏன் லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்ட் என்கிற இந்த இருட்டுக் குழியைத் தேடிப் போனாள்? ஸ்பேனரின் அம்மா இஸ்திரி போடுகிறவர். அவர்கள் இருக்கும் கட்டடத்தின் உச்சி மாடியில் வீடு. அந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் உண்டு. உண்டு என்றால், கதவு உண்டு, பொத்தான் உண்டு, "பழுது" என்ற அட்டையும் உண்டு. அந்த அட்டை மட்டும் ஒருநாளும் பழுதானதில்லை. அம்மா துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுவார், இறங்குவார், மறுபடி ஏறுவார். இரவு காலை நீட்டி உட்கார்ந்தால் ஸ்பேனர்தான் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க வேண்டும். ஒருநாள் அதிசயமாக மெக்கானிக் வந்தார். கதவைத் திறந்து, உள்ளே இறங்கி, எதையோ முறுக்கி, எதையோ தட்டினார். பள்ளிக்கூடப் பையோடு நின்று பார்த்த இந்தப் பெண் அன்று பள்ளிக்கூடமே போகவில்லை. மாலையில் லிஃப்ட் கிளம்பியது. அம்மா மூட்டையோடு உள்ளே நின்று, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மேலே போனார். அந்த நிமிடத்தில் தீர்மானித்துவிட்டாள் மகள். அடுத்த வாரம் லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது. அவள் தீர்மானம் நிற்கவில்லை.

தொழிற்பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பித்தாள். அங்கே அலுவலகத்தில் சொன்னார்கள்: "பட்டறையில பொம்பளைங்களுக்கு டாய்லெட் இல்லம்மா, தையல் பிரிவுல சேந்துக்க." தையல் பிரிவில் மட்டும் இருக்கிறதாம். ஊசிக்கு ஒரு நியாயம், ஸ்பேனருக்கு ஒரு நியாயம். அழுதுகொண்டே மாடிக்கு வந்தாள். நாங்கள் வரிந்துகட்டிக்கொண்டு எழுந்தோம்.

இங்கேதான் எங்கள் மாடியின் ஒரு வழக்கத்தை நான் சொல்ல வேண்டும். அந்த மூலையில் கை உடைந்த நாற்காலி ஒன்று இருக்கிறதே, அதற்குப் பெயர் அதிகாரி நாற்காலி. எந்த அலுவலகத்துக்குப் போவதாக இருந்தாலும் முந்தின நாள் இங்கே ஒத்திகை உண்டு. ஒருவர் அந்த நாற்காலியில் அதிகாரியாக உட்கார வேண்டும். மற்றவர்கள் மனுவோடு முன்னால் நிற்க வேண்டும். நாற்காலிக்கு ஒரே ஒரு சட்டம்தான்: அதில் உட்கார்ந்தவர் எந்தக் காரணத்துக்காகவும் "சரி" என்று சொல்லக் கூடாது. முடியாது, இயலாது, இல்லை, நாளைக்கு வா, நான் சாப்பிடப் போகிறேன், கணினி வேலை செய்யவில்லை, இப்படி எதை வேண்டுமானாலும் சொல்லலாம். இதையெல்லாம் தாங்கிக்கொண்டு பேசப் பழகியவள் எந்த அதிகாரிக்கும் அஞ்ச மாட்டாள் என்பது எங்கள் கணக்கு.

அந்த நாற்காலியின் நிரந்தர அரசி, முதல் வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாரே, எங்கள் காய்கறிக்கார அக்கா. மூடினால் தப்பிக்க முடியாது அக்கா, இன்று உங்கள் கதைதான். தள்ளுவண்டியில் தக்காளி விற்கிற இந்தத் தாய், அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தலைமைச் செயலாளராகிவிடுவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவார். எதிரே இருப்பவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசுவார். எத்தனை அலுவலகத்தில் எத்தனை பேர் அவரை விரட்டியிருப்பார்கள் என்பது அந்த நடிப்பைப் பார்த்தால் தெரியும். அவரிடம் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனால் உண்மையான அதிகாரிகள் எல்லாம் பூனைக்குட்டிகளாகத் தெரிவார்கள்.

ஸ்பேனருக்காக ஒத்திகை நடந்தது. அக்கா பயிற்சி நிலைய முதல்வராக உட்கார்ந்தார். நான் வாதாடினேன். அக்கா மறுத்தார். நான் ஏறினேன், அவர் இறங்க மறுத்தார். நான் சட்டம் பேசினேன், அவர் சம்பிரதாயம் பேசினார். இருவருக்கும் தொண்டை கட்டியது. "இனி அந்த முதல்வர் எதைச் சொன்னாலும் நம்மகிட்ட பதில் இருக்கு" என்று மார்தட்டிக்கொண்டு மறுநாள் கிளம்பினோம். நான், அக்கா, ஸ்பேனரின் அம்மா, ஸ்பேனர். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லியிருந்தோம்: "நீ எதுவும் பேசாதே, நாங்க பாத்துக்கறோம்."

முதல்வரின் அறை. பெரிய மேசை, சின்ன மனிதர், சாந்தமான முகம். நான் நெஞ்சை நிமிர்த்தி ஆரம்பித்தேன்: "மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, மாதர்குலத்தின் மகத்தான உரிமையை முன்னிட்டு..." அவர் கையை உயர்த்தினார். ஆகா, ஆரம்பித்துவிட்டார், முதல் மறுப்பு வருகிறது என்று நான் அடுத்த வரியைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"சரிம்மா, சேத்துக்கலாம். பட்டறைக்குப் பக்கத்துல ஒரு ரூம் பூட்டிக் கிடக்கு. அதை டாய்லெட்டா மாத்திடறோம்."

அவ்வளவுதான். அரைச் சொல்லில் வேலை முடிந்துவிட்டது. மூளையுள்ள மனிதர்கள் என்ன செய்வார்கள்? நன்றி சொல்லிவிட்டு, கும்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போவார்கள். நாங்கள் என்ன செய்தோம்? ஒத்திகையில் என்னுடைய இரண்டாவது வரி என்ன? "இந்தப் பதிலை நாங்கள் ஏற்க மாட்டோம்." அது என் வாயில் தயாராக உட்கார்ந்திருந்தது. சொல்லிவிட்டேன். உரக்கவே சொல்லிவிட்டேன்.

பாவம், அந்த மனிதர் பேய் முழி முழித்தார். "ஏம்மா, ரூம் சின்னதா இருக்கும்னு சொல்றீங்களா?" என்றார். எனக்கு அது காதில் விழவே இல்லை. மூன்றாவது வரி வந்தது, நான்காவது வரி வந்தது. பிரேக் பிடிக்காத பேருந்தைப் போல நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். "பெண் என்றால் ஊசி, ஆண் என்றால் உளியா? இதுதான் நீதியா?" என்று மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

சிரிக்காதீர்கள், இதற்கே சிரித்தால் எப்படி? இனிமேல்தான் இருக்கிறது.

நான் மேசையைத் தட்டியதும் பக்கத்தில் நின்ற அக்காவுக்கு என்ன ஆனதோ, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. பார்வை சுவருக்குப் போனது. ஒத்திகையில் இந்த வரிக்கு அவருடைய பதில் ஒன்று உண்டல்லவா? அது தானாக வந்துவிட்டது. "ஏம்மா, பொட்டப் புள்ளைக்கு எதுக்கும்மா லிஃப்ட்டு? கிரீஸும் எண்ணெயும் அப்பிக்கிட்டு வந்தா யாரு கட்டிக்குவா? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான்ல பதில் சொல்லணும்" என்றார்.

முதல்வர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அங்கேயாவது நான் சுதாரித்திருக்க வேண்டும். எங்கே? எனக்குப் பழகிய குரல், பழகிய மறுப்பு. மீனைத் தண்ணீரில் விட்டது போல் ஆகிவிட்டது. அவருக்கு நான் பதில் சொன்னேன், எனக்கு அவர் பதில் சொன்னார். உண்மையான முதல்வர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் அறையில், தன் வேலையை இன்னொருவர் பார்ப்பதை வேடிக்கை பார்த்தார். அக்கா விபத்தைச் சொன்னார், காப்பீட்டைச் சொன்னார், ஆண் மாணவர்களின் பெற்றோரைச் சொன்னார். அடடா, என்ன வாதம், என்ன வீச்சு. கடைசியில் அந்த முதல்வர் மோவாயைத் தடவிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்.

"இந்தம்மா சொல்றதையும் யோசிக்கணும் போலிருக்கே" என்றார்.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்பேனரின் அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கையில் விழுந்த கனியை நாங்களே பிடுங்கி மரத்தில் ஒட்டவைத்துவிட்டோம். ஒரு பெண்ணின் வாழ்க்கை, அவளுக்காகப் பேசப்போன பெரியவர்களின் வாயாலேயே போகப்போகிறது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "சார்" என்றது. பேசாதே என்று நாங்கள் சொல்லி வைத்திருந்த பிள்ளையின் குரல்.

"சார், நீங்க முதல்லயே சரின்னு சொல்லிட்டீங்க. நான் கேட்டேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

எத்தனை பேர் இருந்தோம் அந்த அறையில். எத்தனை வருட அனுபவம், எத்தனை போராட்டம், எத்தனை பெரிய வாய்கள். ஆனால் அந்தச் "சரி" யார் காதில் விழுந்தது? அவள் ஒருத்தியின் காதில். முதல்வர் சிரித்துவிட்டார். பேனாவை எடுத்து நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். நாங்கள் மூவரும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே வந்தோம். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தோம் பாருங்கள், அழுதோமா சிரித்தோமா என்று இன்றுவரை தெரியவில்லை.

தாய்மார்களே, ஏன் எங்களுக்கு அது கேட்கவில்லை? செவிடா நாங்கள்? இல்லை. நின்றால் திட்டு, நடந்தால் திட்டு, நிமிர்ந்து பார்த்தால் திட்டு. படிக்கட்டுமா என்றால் இல்லை. போகட்டுமா என்றால் இல்லை. பேசட்டுமா என்றால் வாயை மூடு. இல்லை என்ற சொல் எங்கள் காதுக்குப் பழகிய அளவுக்கு எங்கள் சொந்தப் பெயர்கூடப் பழகவில்லை. இல்லை என்றால் எப்படி நிற்பது என்று எங்களுக்குத் தெரியும். சரி என்று யாராவது சொன்னால், அது வேறு யாருக்கோ சொன்னது என்று திரும்பிப் பார்க்கிறோம். பேருந்தில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தால் உட்காராமல் பின்னால் பார்க்கிறார்களே பெண்கள், நான் தினமும் பார்க்கிறேன்.

திரும்பி வந்ததும் டீச்சரம்மா நாற்காலியின் சட்டத்தை மாற்றினார். இனிமேல் அதில் உட்கார்ந்தவர் நடுநடுவே "சரி" என்றும் சொல்ல வேண்டும் என்று ஆணை. அக்கா முயன்றார். கண்ணை மூடினார், மூச்சை இழுத்தார், வாயைத் திறந்தார், "ச... ச... சாயங்காலம் வாங்க" என்றார். "வாயில வர மாட்டேங்குது டீச்சர்" என்று கடைசியில் எழுந்தே போய்விட்டார்.

ஸ்பேனர் படித்தாள். அந்தப் பூட்டிய அறைக்குக் கதவு மாற்றி, குழாய் வைத்து, இப்போது பட்டறையில் இவளுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். இவளும் தேறினாள். கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்நேரம் உட்கார்ந்திருப்பேன். முடியவில்லையே.

உரிமத்துக்கு வேலை பழக வேண்டும் என்றேனல்லவா? ஏறாத படி இல்லை, கும்பிடாத வாசல் இல்லை. ஒரு கம்பெனியில், "ஷாஃப்டுக்குள்ள பொண்ணா?" என்று கேட்டுத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். இன்னொன்றில் வரவேற்பறையில் உட்காரச் சொன்னார்கள்; வேலைக்குத்தான் உட்காரச் சொல்கிறார்கள் போலும் என்று பார்த்தால், வரவேற்பாளர் வேலைக்காம். மற்றொன்றில், "உங்க அப்பாவ வரச் சொல்லு" என்றார்கள். அப்பா என்ன, லிஃப்ட் பழுது பார்ப்பாரா? ஒவ்வொரு வாசலுக்கும் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனோம். ஒவ்வொரு வாசலிலும் எதிர்பார்த்ததையே கேட்டுக்கொண்டு திரும்பினோம். மாதம் முடியப் போகிறது. சித்தப்பா துணிக்கடையில் ஸ்டூல் கூட வாங்கிப் போட்டுவிட்டார்.

மணி அடித்துவிட்டீர்களா டீச்சரம்மா? தெரியும். நீங்கள் காலையில் சொன்னதும் நினைவிருக்கிறது. "மேடையில விருந்தாளியச் சங்கடப்படுத்தாதே, அவரு சான்றிதழ் கொடுக்க வந்திருக்காரு" என்றீர்கள். நான் சங்கடப்படுத்துவேனா? சந்தேகம்தான் கேட்கப் போகிறேன்.

மேலாளர் ஐயா அவர்களே, லிஃப்ட் கம்பெனி மேலாளர் ஐயா அவர்களே. பிஸ்கட்டைக் கீழே வைக்க வேண்டாம், சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள். உங்கள் கம்பெனியில்...

ஐயா கையை உயர்த்துகிறார். ஏதோ சொல்ல வருகிறார். மைக்கைக் கொடுக்கட்டுமா? வேண்டாமாம், என்னையே சொல்லச் சொல்கிறார். சரி, அவர் சொல்லச் சொல்ல நான் உங்களுக்குச் சொல்கிறேன், பின்னால் இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஐயா கேட்கிறார்: "இத்தனை கம்பெனிக்குப் போயிருக்கீங்களே, எங்க கம்பெனிக்கு ஏம்மா வரல?"

ஏன் வரவில்லை?

நல்ல கேள்வி ஐயா. ஏன் வரவில்லை அக்கா? ஏன் வரவில்லை டீச்சரம்மா? ஐயா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விசிறி கொடுத்தீர்கள். அந்த விசிறிக்குக் கீழே உட்கார்ந்துதான் எந்தக் கம்பெனிக்குப் போகலாம் என்று பேசினோம். உங்கள் பெயரை அக்காதான் எடுத்தார். "விசிறி குடுத்த மனுசன்கிட்ட வேலையும் கேட்டா நல்லாவா இருக்கும்? அவரும் இல்லேன்னுதான் சொல்லுவாரு, இருக்கிற மரியாதையும் போயிடும்" என்று அவரே பேச்சை மடித்து வைத்துவிட்டார். நாங்களும் தலையாட்டினோம். இல்லை என்று சொல்லக்கூடியவர்களிடமெல்லாம் போனோம். சரி என்று சொல்லக்கூடியவரிடம் கேட்கவே இல்லை. பார்த்தீர்களா ஐயா எங்கள் படிப்பை?

இப்போது கேட்கிறேன். எங்கள் ஸ்பேனரை உங்கள் கம்பெனியில் வேலை பழகச் சேர்த்துக்கொள்வீர்களா?

ஐயா அவளை எழுந்து நிற்கச் சொல்கிறார். எழுந்திரு கண்ணு. பக்கத்தில் இருப்பவர்கள் காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். ஐயா அவளைக் கேட்கிறார்: "ஷாஃப்ட் உச்சியில நின்னு கீழே பாத்தா பயமா இருக்குமா, இருக்காதா?"

பதில் சொல்லு கண்ணு. நான் வாயைத் திறக்க மாட்டேன். அக்கா, நீங்களும் திறக்கக் கூடாது. யாராவது அக்கா பக்கத்தில் உட்காருங்கள். இறுக்கமாக உட்காருங்கள்.

அவள் சொல்கிறாள், கேட்டீர்களா? "பயமா இருக்கும் சார். அதனாலதான் சேஃப்டி பெல்ட்ட ரெண்டாவது தடவையும் இழுத்துப் பாப்பேன்."

ஐயா சிரிக்கிறார். தலையாட்டுகிறார். ஐயா, என்ன சொன்னீர்கள்? எனக்கே சரியாகக் கேட்கவில்லை, கைதட்டாதீர்கள், ஒரு நிமிடம். "பயம் இல்லேன்னு சொல்ற ஆளத்தான் நாங்க எடுக்கறதில்ல. திங்கக்கிழமை காலையில வரச் சொல்லுங்க. எங்க மூத்த மெக்கானிக் ஒரு முசுடு, ஆனா வேலை கத்துக் கொடுப்பாரு" என்கிறார்.

அக்கா. அக்கா, வேண்டாம். என்னது? "மூத்த மெக்கானிக்கு ஒத்துக்கணும்ல"-ஆ? யாராவது அவர் வாயில் ஒரு பிஸ்கட்டை வையுங்கள். ஐயா, அவர் உங்களுக்காகப் பேசவில்லை, பழக்கத்தில் வருகிறது. நீங்கள் எதையும் யோசிக்க வேண்டாம்.

அதோ, ஸ்பேனரின் அம்மாவைப் பாருங்கள். எழுந்து நின்று, யாருக்குச் சொன்னார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறார். அம்மா, உங்களுக்குத்தான். உங்கள் மகளுக்குத்தான். திரும்பிப் பார்க்காதீர்கள், பின்னால் யாரும் இல்லை. பிடித்துக்கொள்ளுங்கள் அவரை, உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். எனக்கும் கொஞ்சம் கொடுங்கள்.

தாய்மார்களே, எனக்கு இப்போது பெருமையாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். சத்தமாகவே சொல்கிறேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்கள் வீட்டில் பெண் இருந்தால் அவளுக்காக நீங்கள் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவளைக் கூடவே அழைத்துப் போங்கள், அவளையும் பேச விடுங்கள். கேட்கத் தயங்கும் இடத்தில்தான் முதலில் கேளுங்கள். படிக்கக் கேளுங்கள், பணி கேளுங்கள், பாதை கேளுங்கள், பங்கு கேளுங்கள். இல்லை என்றால் நிற்க நமக்குத் தெரியும். சரி என்றால்...

டீச்சரம்மா, அந்த மணியை மறுபடி அடிக்க வேண்டாம், எனக்கே தெரிகிறது. ஐயாவிடம் சொல்வதற்கென்று நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். பெண்ணுரிமை இருக்கிறது, பொருளாதாரம் இருக்கிறது, ஐயாவின் தாயாரைப் பற்றி உருக்கமாக ஒரு பத்தி இருக்கிறது. அதை இரவெல்லாம் உட்கார்ந்து எழுதினேன். அதில் ஒரு இடத்தில் நீங்கள் எல்லோரும் அழுதிருப்பீர்கள்.

படிக்க மாட்டேன். மனிதர் சரி என்று சொல்லிவிட்டார்.

தலைமைக்கும், விருந்தினருக்கும், பெரியோர்களுக்கும், பெற்றவர்களுக்கும், பிஸ்கட்டை மெல்லும் அக்காவுக்கும், திங்கட்கிழமை வேலைக்குப் போகும் எங்கள் பெண்ணுக்கும் என் நன்றி. வணக்கம். நான் உட்கார்ந்துவிட்டேன்.